எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடித்து மிஷன் (சபை ஊழியம்) போகிறவர்களுக்கு: கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

நான் செந்தூலில் வளர்ந்தவன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் ஊழியக்காரனாக இரண்டு வருடம் பிலிப்பைன்ஸில் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியே மார்மன் சபை என்றால்தான் பலருக்கும் தெரிகிறது. அங்கே கஷ்டமாக இருந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருந்தது. ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஓர் அர்த்தம் இருந்தது. கிளம்பும் முன் கோலாலம்பூரில் நான் பட்ட அலைச்சலுக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஒரு கடைவாய்ப் பல், பெயரில் ஒரு சாய்வுக்கோடு, ஒரு வெள்ளைச் சட்டை, இவை என்னை மூன்று மாதம் பின்னால் தள்ளின. முன்கூட்டியே யாராவது தமிழில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சம்.

இது கிளம்பப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும். எந்த நாட்டுக்குப் போனாலும் இங்கே செய்ய வேண்டிய வேலைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. கிளம்பும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஆண்பிள்ளைகள் 18 வயது நிரம்பியதும் போகலாம், 24 மாதம். பெண்பிள்ளைகளுக்கும் 2025 நவம்பர் அறிவிப்பிலிருந்து 18 வயதுதான், காலம் மட்டும் 18 மாதம். புதிதாகச் சபையில் சேர்ந்தவர் என்றால் ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும்.

‘இந்தத் தேதியிலிருந்து நான் தயார்’ என்று விண்ணப்பத்தில் ஒரு நாள் போடுவீர்கள். அந்த நாளுக்கு 150 நாள் இருக்கும்போதே விண்ணப்பத்தை அனுப்பலாம். 150 நாள் என்றால் நிறைய என்று நான் நினைத்துவிட்டேன். ஆனால் மருத்துவப் பாரம், பல் பாரம் எல்லாம் நிரப்பி முடித்தால்தான் அனுப்பவே முடியும். ஆகவே உண்மையான வேலை அதற்கும் மூன்று மாதம் முன்னால் தொடங்குகிறது. மொத்தம் எட்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.பி.எம். கடைசிப் பரீட்சை எழுதி முடித்த வாரமே ஆரம்பித்துவிட்டால் பதற்றம் இருக்காது.

மேற்படிப்பு பற்றியும் இப்போதே முடிவு செய்யுங்கள். யூ.பி.யூ. (அரசாங்க உயர்கல்விச் சேர்க்கை) வழியாக ஓர் இடம் கிடைத்துவிட்டு, ‘இரண்டு வருடம் கழித்து வருகிறேன், வைத்திருங்கள்’ என்று சொல்ல முடியும் என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். ஒத்திவைக்க முடியுமா என்பதை அந்தக் கல்லூரியிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், எஸ்.பி.எம். சான்றிதழ் எங்கும் போய்விடாது. போய்வந்து விண்ணப்பிப்பதுதான் நிம்மதி.

2. எல்லாப் பத்திரத்திலும் பெயரை ஒன்றாக்குங்கள்

நம் ஆட்களுக்கு மட்டுமே வரும் தொல்லை இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மைகாட்டில் (அடையாள அட்டை) நம் பெயர் ‘குமார் ஏ/எல் ராமசாமி’ என்று இருக்கும், ஏ/எல் என்றால் இன்னாருடைய மகன். பெண் என்றால் ஏ/பி, மகள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் உண்டு. ஆனால் இணைய விண்ணப்பம் குடும்பப் பெயர் கேட்கும். நான் முதலில் என் பெயரையே அந்தக் கட்டத்தில் போட்டேன். அப்பா பெயரை முதல் பெயர் கட்டத்தில் போட்டேன். ஏ/எல் எங்கே போவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். சபைப் பதிவேட்டிலோ, ஞானஸ்நானத்தின்போது எழுதிக்கொடுத்த வீட்டுப் பெயர் இருந்தது. ஆக பாஸ்போர்ட்டில் ஒருவன், விண்ணப்பத்தில் ஒருவன், பதிவேட்டில் ஒருவன்.

செய்ய வேண்டியது இதுதான். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எழுத்துக்கு எழுத்து மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கிளையின் எழுத்தரிடம் சொல்லிச் சபைப் பதிவேட்டை அதன்படி திருத்துங்கள். உங்கள் பெயர் முதல் பெயர் கட்டத்தில், அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில். விமான டிக்கெட்டில் சாய்வுக்கோடு போட முடியாது. சிலர் ஏ/எல்லை அடியோடு விடுவார்கள், சிலர் ‘ஏஎல்’ என்று பெயரோடு சேர்த்து அடித்துவிடுவார்கள். டிக்கெட் மின்னஞ்சலில் வந்த அன்றே திறந்து பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து உதைத்தாலும் உடனே சபையின் பயண அலுவலகத்துக்கு எழுதுங்கள். விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

பிறப்புப் பத்திரம் கிழிந்திருந்தாலோ, அப்பா பெயரின் எழுத்து அதிலும் மைகாட்டிலும் வேறு வேறாக இருந்தாலோ, முதல் வேலையாகத் தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

3. பாஸ்போர்ட்டுக்குக் கறுப்புச் சட்டை போட்டுப் போங்கள்

முதல்முறை எடுப்பவர்கள் நேரில்தான் போக வேண்டும். 18 நிரம்பாதவர் என்றால் அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். ஐந்து வருடப் பாஸ்போர்ட்டுக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). புடு சென்ட்ரலில் உள்ள யூ.டி.சி. என்ற அரசாங்கச் சேவை மையத்திலும் எடுக்கலாம். படம் அங்கேயே கவுண்டரில் எடுப்பார்கள், பின்னால் வெள்ளைத் திரை. அதனால் கருநிற உடுப்பு கட்டாயம். நான் போனது வேறொரு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு. சபைக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு போய் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். முறை வந்ததும் திரும்பிப் போகச் சொன்னார்கள். அப்பா அன்று லாரி ஓட்டவில்லை, எனக்காக ஒரு நாள் சம்பளத்தை விட்டிருந்தார்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறது என்றால் காலாவதித் தேதியைப் பாருங்கள். கிளம்பும் நாளிலிருந்து 24 மாதம், அதற்கு மேல் ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் புதுப்பித்துவிட்டு, அந்தப் புது எண்ணை விண்ணப்பத்தில் போடுங்கள். பழைய எண்ணைப் போட்டு அனுப்பிவிட்டுப் பிறகு மாற்றினால் விசா வேலை முழுதும் மறுபடி முதலிலிருந்து.

4. பல்லை இன்றே காட்டுங்கள்

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

விண்ணப்பத்தோடு மருத்துவர் நிரப்பும் பாரம் ஒன்று, பல் மருத்துவர் நிரப்பும் பாரம் ஒன்று. பல் பாரத்தில் ஞானப்பல்லைப் பற்றித் தனியாகக் கேட்பார்கள். இரண்டு வருடத்துக்குள் தொல்லை தரும் என்று மருத்துவர் நினைத்தால் அதைப் போகும் முன்பே பிடுங்கியாக வேண்டும். எனக்குக் கீழ்ப்பல் ஒன்று படுக்கைவசத்தில் ஈறுக்குள் கிடந்தது. வலியே இல்லை, எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரிந்தது. அரசாங்கப் பல் கிளினிக்கில் கட்டணம் மிகச் சொற்பம், ஆனால் இந்த மாதிரி அறுத்து எடுக்கும் வேலைக்குப் பல மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. தனியாரிடம் போனேன், ஒரே பல்லுக்கு 1,100 வெள்ளி. முகம் வீங்கி, தையல் பிரித்து, பாரத்தில் ‘வேலை முடிந்தது’ என்று கையெழுத்து வாங்க இன்னும் மூன்று வாரம்.

வழி என்னவென்றால், படிவம் 5 படிக்கும்போதே ஒரு முறை முழுவாய் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அப்போது தெரிந்தால் அரசாங்க வரிசையில் நிற்க நேரம் இருக்கும், பெரிய காசும் போகாது.

உடம்புப் பரிசோதனையில் இரத்தம், சிறுநீர், காசநோய் பார்ப்பது எல்லாம் உண்டு. தனியார் கிளினிக்கில் நான் கொடுத்தது 300 வெள்ளிக்குப் பக்கம். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) மலேசியர்களுக்கு ஒரு வெள்ளிதான், ஆனால் இவ்வளவு நீளப் பாரத்தை நிரப்ப அங்கே உள்ள மருத்துவருக்கு நேரம் இருக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பாரம் அந்நிய மாதிரியாக இருக்கும். இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்று பாழானால் இன்னொன்று கையில் இருக்கும்.

தடுப்பூசி: நாம் பிள்ளையில் போட்டதும் 15 வயதில் பள்ளிக்கூடத்தில் போட்டதும் எல்லாம் கணக்கில் வரும், ஆனால் அட்டை வேண்டும். அம்மாவிடம் கேளுங்கள். நம் வீடுகளில் அந்தப் புத்தகம் பெரும்பாலும் பிறப்புப் பத்திரம் இருக்கும் அதே பிஸ்கட் டின்னில்தான் இருக்கும். தொலைந்துபோயிருந்தால் பிறந்த ஊர் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சில ஊசிகளை மறுபடி போட வேண்டி வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இளைப்பு, வலிப்பு, முன்பு எப்போதோ வந்த மனச்சோர்வு, தூக்கமின்மை, எதையும் மறைக்காதீர்கள். ‘சொன்னால் அனுப்பமாட்டார்கள்’ என்று பெரியவர்களே சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருக்கிறேன். அது தப்பு. உண்மையைச் சொன்னால் மருந்து கிடைக்கிற, மருத்துவர் பக்கத்தில் இருக்கிற இடமாகப் பார்த்து அனுப்புவார்கள். மறைத்துப் போய் நான்காம் மாதம் அறைக்குள் அழுதுகொண்டு கிடந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். மாத்திரையை வீட்டிலேயே விட்டு வந்திருந்தான். அவன் தவறு செய்யவில்லை, அவனுக்கு யாரோ தவறாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

5. பேட்டி

கிளைத் தலைவர் அல்லது ஆயர் முதலில் பேசுவார், அப்புறம் அவருக்கு மேலே உள்ள தலைவர். பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு பேட்டியும் ஒரே வாரத்தில் நடந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். மேல்தலைவர் வெளியூரில் இருந்தால் தேதி தள்ளும், எனக்குப் பத்து நாள் தள்ளியது.

எந்த நாட்டுக்குப் போக ஆசை என்று யாரும் கேட்கமாட்டார்கள். எங்கே அனுப்புகிறார்களோ அங்கேதான். தமிழ் பேசும் இடமாகக் கிடைக்குமா என்று அம்மாமார்கள் கேட்பார்கள். அதையும் நாம் தேர்ந்தெடுக்க முடியாது.

6. காசு: எது நம் கையிலிருந்து, எது இல்லை

மாதப் பங்களிப்பு என்று ஒன்று உண்டு. அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து போகிறவர்களுக்கு 2020 ஜூலையிலிருந்து மாதம் 500 டாலர். அந்தக் கணக்கை இணையத்தில் பார்த்துவிட்டு, இரண்டு வருடத்துக்கு 12,000 டாலர் என்று ரிங்கிட்டில் பெருக்கி, ‘நம்மால் முடியாதப்பா’ என்று என் அம்மா கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டார். அப்படி மூடிவிடாதீர்கள். எல்லா நாட்டுக்கும் அதே தொகை இல்லை. குடும்பத்தின் வசதியைத் தலைவரோடு உட்கார்ந்து பேசித்தான் தொகை முடிவாகும். கூச்சப்படாமல் அப்பாவின் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும் உள்ளபடி சொல்லுங்கள். போகும் முன் ஆறு மாதம் வேலை செய்து பிள்ளையும் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. நான் ஒரு சில்லறைக் கடையில் சரக்கு அடுக்கி 4,000 வெள்ளி சேர்த்தேன்.

விமான டிக்கெட் சபையுடையது. நீங்களாக வாங்காதீர்கள். அங்கே வீட்டு வாடகையும் மிஷன் பார்த்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் மாதம் ஒரு தொகை அட்டையில் ஏறும்.

நம் கையிலிருந்து போவது பாஸ்போர்ட், மருத்துவம், பல், உடுப்பு, பெட்டி. எனக்கு எல்லாம் சேர்த்து 3,200 வெள்ளி ஆயிற்று, அதில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு பல்.

7. அழைப்பு வந்த பிறகு

முன்பெல்லாம் தபாலில் பெரிய உறையாக வரும். 2018 முதல் இணையத்தில்தான். எனக்கு மூன்று வாரத்தில் வந்தது. எந்த மிஷன், என்ன மொழி, எந்தத் தேதி என்று மூன்றும் அதில் இருக்கும். குடும்பத்தோடு உட்கார்ந்து திறங்கள், சந்தோஷப்படுங்கள். மறுநாள் காலையில் வேலையை ஆரம்பியுங்கள்.

விசா ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மாதிரி. பயண அலுவலகம் என்ன கேட்கிறது என்று எழுதி அனுப்பும். சில நாடுகளுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும், அதை விஸ்மா புத்ராவில் (வெளியுறவு அமைச்சு) இணையம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 20 வெள்ளி. ஒரு மாதம் ஒதுக்கிவையுங்கள். படத்தின் அளவையும் கவனியுங்கள். நம் ஊர் ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் அளவு என்று சொன்னால் 35க்கு 50 மில்லிமீட்டரில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். பல நாடுகள் 35க்கு 45 கேட்கும், சில நாடுகள் சதுரமாகக் கேட்கும். கடிதத்தில் உள்ள அளவை போனில் காட்டி எடுங்கள்.

விசா தாமதமானால் தற்காலிகமாக வேறு மிஷனுக்கு அனுப்புவார்கள். அது தண்டனை இல்லை. நிறையப் பேருக்கு நடப்பதுதான்.

கிளம்பும் முன் ஆலயத்துக்கு (ஞாயிறு கூடும் இடம் அல்ல, சபையின் விசேஷ சடங்குகளுக்கான கட்டடம்) போக வேண்டும் என்பது பலருடைய ஏற்பாடு. சிங்கப்பூருக்கு ஓர் ஆலயம் என்று 2021 ஏப்ரலில் அறிவித்தார்கள். பாங்காக் ஆலயம் 2023 அக்டோபர் 22இல் திறப்பு கண்டது, இங்கிருந்து இரண்டு மணி நேரப் பறப்பு. முதல்முறை போகிறவர்களுக்கு வசதியில்லை என்றால் உதவி நிதி உண்டு, தலைவரிடம் கேளுங்கள். நான் கேட்கவே இல்லை, கேட்கலாம் என்பதே தெரியாது.

உடுப்புக்கு மிஷன் ஒரு பட்டியல் அனுப்பும். அது வரும் வரை எதுவும் வாங்காதீர்கள். கோட்டு சூட்டு வேண்டும் என்று நினைத்து மாமா ஒருவர் எனக்கு 450 வெள்ளியில் தைத்துக் கொடுத்தார். பிலிப்பைன்ஸ் வெயிலில் அதை நான் போட்ட நாட்கள் விரல்விட்டு எண்ணலாம். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கம் அரைக்கை வெள்ளைச் சட்டை எட்டும், கறுப்புக் கால்சட்டை நான்கும் எடுங்கள். பருத்தி கலந்த துணியாகப் பாருங்கள், முழுப் பருத்தி காயாது. காலணியில் காசை மிச்சம் பிடிக்காதீர்கள், அடிப்பாகம் தைத்ததாக இருக்க வேண்டும். ஒட்டினது மழையில் வாய் பிளந்துவிடும்.

சிலருக்கு அழைப்பு நம் பக்கத்திலேயே வரும், சிங்கப்பூர் மிஷனில் மலேசியாவும் சேர்த்தி. அப்படி வந்தால் அரசியலமைப்புச் சட்டத்தின் 11(4)ஆம் பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். முஸ்லிம்களிடையே வேறு மதத்தைப் பரப்புவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற அது இடம் தருகிறது. மிஷன் விதியும் அதுதான்: முஸ்லிம் ஒருவர் தானாக வந்து கேட்டாலும் மரியாதையாகப் பேசி, விலகிக்கொள்ள வேண்டும். புத்தகம், துண்டுத்தாள் எதையும் கையில் கொடுக்கக் கூடாது. இதில் விளையாட்டே வேண்டாம்.

8. வீட்டில் விட்டுப் போகும் விஷயங்கள்

முதலில் சிம் கார்டு. வங்கிக் கணக்கு அந்த எண்ணோடுதான் இணைந்திருக்கும். பிரீபெய்டு காலாவதியானால் எண் போய்விடும், எண் போனால் கணக்குக்குள் நுழைய முடியாது. அக்காவிடமோ தங்கச்சியிடமோ சிம்மைக் கொடுத்து, ஒரு பழைய போனில் போட்டு, எந்தத் தேதியில் டாப்-அப் செய்ய வேண்டும் என்று காலண்டரில் எழுதிவையுங்கள். அங்கே மிஷனே ஒரு போன் கொடுக்கும்.

பி லைசன்ஸ் (புதிதாக ஓட்டுகிறவர்களுக்கான லைசன்ஸ்) இரண்டு வருடம்தான். எப்போது முடிகிறது என்று பாருங்கள். முடிந்து ரொம்ப நாள் விட்டுவிட்டால் மறுபடி பரீட்சை எழுத வேண்டிவரும். எனக்குத் தெரிந்த இரண்டு பேர் அப்படி மாட்டிக்கொண்டார்கள்.

எல்லாப் பத்திரத்தையும் படம் எடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்புங்கள், வீட்டில் ஒரு கோப்பில் அச்சுப் பிரதி ஒன்று.

9. அப்பா, அம்மா, ஆயாவிடம் (பாட்டியிடம்) என்ன சொல்வது

நம் குடும்பங்களில் எல்லோரும் ஒரே சபையாக இருப்பதில்லை. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் சபை. அப்பா வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர். ‘படித்து வேலைக்குப் போகிற வயசில் இரண்டு வருடம் சம்பளம் இல்லாமல் எதுக்குய்யா?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வேத வசனத்தால் பதில் சொல்லாதீர்கள். தேதி, செலவு, எங்கே தூங்குவேன், யார் பார்த்துக்கொள்வார்கள், உடம்புக்கு வந்தால் என்ன, இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அப்பா அந்தத் தாளை மடித்து லாரி டேஷ்போர்டில் வைத்திருந்தார்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, இரண்டு தீபாவளி வீட்டில் இருக்கமாட்டீர்கள். கல்யாணம், காதுகுத்து எதற்கும் வரமுடியாது. இரண்டாவது, வீட்டில் யாராவது தவறிப்போனால் பெரும்பாலும் அங்கேயே இருந்துவிடுவதுதான் வழக்கம். போனில் பேச விடுவார்கள். என் பதினான்காவது மாதத்தில் ஆயா போய்விட்டார்கள். நான் கிளம்பும்போதே ஆயாவிடம் சொல்லி, கால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அதைச் செய்துவிட்டுப் போங்கள்.

மார்பில் குத்தும் கறுப்புப் பெயர்ப் பட்டையில் ‘எல்டர்’ என்று போட்டு, குடும்பப் பெயர் கட்டத்தில் உள்ள பெயர்தான் வரும். நம் கணக்கில் அது அப்பா பெயர். மணிலாவில் பயிற்சி மையத்திலிருந்து முதல் வீடியோ அழைப்பில் அப்பா வந்தபோது எதுவும் பேசவில்லை. ‘அதைக் கேமராகிட்ட கொண்டு வா’ என்றார். கொண்டுபோனேன். ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். அப்புறம் ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டார். அதன் பிறகு மிஷனைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை.

10. முதல் ஆறு வாரம்

பயிற்சியின் முதல் வாரம் வீட்டிலிருந்தே இணையத்தில் நடக்கும். அந்த வாரம் சொந்தக்காரர்களை விருந்துக்கு அழைக்காதீர்கள். வீட்டில் இருந்தாலும் நீங்கள் ஊழியத்தில்தான் இருக்கிறீர்கள். ஓர் அறை, ஒழுங்கான இணையம், சத்தமில்லாத தங்கச்சி, இவை தேவை. பிறகு நேரில். நம் பக்கத்திலிருந்து போகிறவர்களில் பலர் கேசோன் சிட்டியில் உள்ள பிலிப்பைன்ஸ் மையத்துக்குப் போவார்கள்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும், இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும். இடையில் உடற்பயிற்சி, படிப்பு, அப்புறம் நாள் முழுக்க வெளியே நடை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இந்த நேரத்துக்கு வந்துவிடுங்கள். மாமாக் சாப்பாட்டுக் கடையில் நள்ளிரவு வரை உட்காரும் பழக்கம் இருந்தால் இரண்டு மாதம் முன்பே. தே தாரிக்கும் அப்படித்தான். சபை விதிப்படி டீ, காப்பி நமக்கு இல்லை என்றாலும் சபைக்கு வெளியே வளர்ந்த பிள்ளைகள் சிலருக்கு அது ஒட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ஒரு வாரம் தலைவலி. அங்கே வீட்டுக்கு வீடு காப்பி நீட்டுவார்கள். மைலோ இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

தனியாக எங்கும் போக முடியாது. துணை ஊழியர் எப்போதும் கூட இருப்பார், முடிவெட்டப் போனாலும்தான். என் முதல் துணை பிலிப்பைன்ஸின் செபுத் தீவுக்காரர். நான் சமைத்தால் மிளகாய் நெடியில் இருமுவார், அவர் சமைத்தால் எல்லாவற்றிலும் காடி (வினிகர்). முதல் வாரம் இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து பேசினோம், ஒரு நாள் அவர், ஒரு நாள் நான். இந்தப் பேச்சை முதல் நாளே பேசிவிடுங்கள்: சமையல், யார் எப்போது குளிப்பது, விசிறி யார் பக்கம். அரைக் கிலோ மீன் மசாலாவைக் கடை முத்திரை பிரிக்காமல் பெட்டியில் வையுங்கள், அது போதும்.

பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழி வந்தால் மலாய் தெரிந்ததற்காகச் சந்தோஷப்படுவீர்கள். அனாக் (பிள்ளை), மாத்தா (கண்), லங்கித் (வானம்), கம்பிங் (ஆடு), கானான் (வலது) எல்லாம் அங்கேயும் அதே பொருள்தான். முகத்துக்கு ‘முக்கா’ என்பார்கள், மலாயில் மூக்கா, தமிழில் முகம். அந்த வார்த்தையைக் கேட்ட நாள் எனக்கு வீட்டு ஞாபகம் கொஞ்சம் அடங்கியது. ஆனால் ஏமாற்றும் சொற்களும் உண்டு. ‘ஹாரி’ அங்கே நாள் இல்லை, ராஜா. ‘ஊலாம்’ பச்சைக்கீரை இல்லை, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எந்தக் கறியும் ஊலாம்தான். ‘சூகா’ என்றால் பிடிக்கும் என்று பொருள் இல்லை, காடி. ‘மஹால்’ விலை அதிகம் என்றும் வரும், அன்பு என்றும் வரும்.

மழைக்காலத்தில் காலில் புண்ணோடு வெள்ளத் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். குடிதண்ணீரை நீலக் கேனில் வாங்குங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம். மூன்றாவது வாரம் வீட்டு ஞாபகம் மிக மோசமாக இருக்கும், எனக்கு மட்டுமல்ல, நான் கேட்ட எல்லோருக்கும் அப்படித்தான். துணையிடம் சொல்லுங்கள். அது போதவில்லை என்றால் மிஷன் தலைவரிடமோ அவர் மனைவியிடமோ சொல்லுங்கள், கேட்பதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

ஆறு வாரத்துக்கு ஒரு முறை இடமாற்றம் வரும். உங்களுக்கு வராமலும் போகலாம், ஆனால் பெட்டிக்குள் அடங்காத எதையும் சேர்க்காதீர்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள், எங்களுக்குத் திங்கள். துணி துவைப்பது, சந்தைக்குப் போவது, முடிவெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். சட்டைக் காலரை இரவே சோப்புப் போட்டு ஊறவைத்தால் காலையில் பிரஷ்ஷால் நான்கு இழுப்பில் போய்விடும். 2019 பிப்ரவரியிலிருந்து அன்று வீட்டுக்கு வாராவாரம் பேசலாம். பிலிப்பைன்ஸும் மலேசியாவும் ஒரே நேரம் என்பதால் கணக்குப் போட வேண்டியதில்லை. வேறு நாடு என்றால் நேர வித்தியாசத்தைக் கிளம்பும் முன்பே அம்மா சுவரில் எழுதி ஒட்டட்டும். நேரத்தை முதல் வாரமே நிலையாக வைத்துவிடுங்கள், அன்றன்று பார்த்துக்கொள்ளலாம் என்றால் யாராவது ஒருவர் விட்டுப்போவார். நாங்கள் திங்கள் மாலை மூன்றரை என்று வைத்தோம். அப்பா அன்று ஈப்போ லோடு என்றால் நெடுஞ்சாலை ஓய்வுத்தளத்தில் லாரியை ஓரங்கட்டிவிட்டு, மூன்று இருபத்தைந்துக்கே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.